ஆப்கான் கீபோர்டுகள்: எட்டுச் சொல் சோதனையில் எது தேறுகிறது?

ஆப்கானிஸ்தானின் பஷ்தோ மொழியில் 'ஸடய்' என்றால் ஓர் ஆள், 'ஸடி' என்றால் ஆட்கள். எழுத்தில் இரண்டுக்கும் மூன்றே எழுத்து. முதல் இரண்டிலும் வித்தியாசம் கிடையாது. கடைசியில் வரும் 'யே' எழுத்தின் அடியில் புள்ளி இல்லாவிட்டால் ஒருவர், இரண்டு புள்ளி இருந்தால் பலர். அரபு எழுத்து வகைக் கீபோர்டு எதை எடுத்தாலும் இந்த இடத்தில்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். 'பஷ்தோ இருக்கிறது' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வேலையை ஆரம்பித்து, நாற்பது பக்கம் அடித்த பிறகு ஒருமை பன்மை குழம்பிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பது மொழிபெயர்ப்பு, அச்சுக்கோப்பு வேலைகளில் வழக்கமாக நடக்கிற கூத்து.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று: விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றோடு இலவசமாக வரும் ஆப்கான் கீபோர்டு லேஅவுட்கள், அதாவது எந்தக் கீயில் எந்த எழுத்து என்ற அமைப்புகள். போன் கீபோர்டைப் பற்றி நடுவில் ஒரு வார்த்தை. கேள்வி ஒன்றுதான். அந்த நாட்டு மொழிகளைத் தனித்தனி மொழிகளாக எது மதிக்கிறது, எது எல்லாவற்றையும் ஈரானியப் பாரசீகத்தின் வாலாக நினைத்துக்கொள்கிறது?

அந்த நாட்டில் மொழிகள் ஒன்றிரண்டு அல்ல. 2004 அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு பஷ்தோ, தரி, உஸ்பெக், துர்க்மென், பலூச்சி, பஷாயி, நூரிஸ்தானி, பாமிரி என்று எட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 'மற்ற மொழிகளும்' என்று சேர்த்தது. அதன்படி பஷ்தோவும் தரியும் அரசு மொழிகளாக இருந்தன. மற்றவற்றில் ஒன்றைப் பெரும்பான்மையோர் பேசும் பகுதியில் அது மூன்றாவது ஆட்சிமொழியாக இருந்தது. இதில் தரி என்பது பாரசீகம்தான். 1964 அரசியலமைப்பில் அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக ஏறியது. பஷ்தோவும் தரியும் இரண்டுமே ஈரானிய மொழிக் குடும்பம், ஆனால் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது தானாகப் புரிந்துவிடாது. ஒரே எழுத்து வகை என்பதால் இரண்டும் ஒரே மொழியின் இரண்டு வடிவம் என்று நினைப்பது, தேவநாகரியில் இருப்பதால் மராத்தியும் இந்தியும் ஒன்று என்று நினைப்பது மாதிரி.

சோதனைக்கு எட்டுச் சொற்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸடய் (ஆள்), ஸடி (ஆட்கள்), மணே (ஆப்பிள்கள்), டோடெய் (ரொட்டி), ராட்ஸெய் (வாருங்கள்), ஷார் (நகரம்), க்வஷ் (காது), டோல் (எல்லாம்).

முதல் ஐந்தும் ஐந்து வகை 'யே'வுக்காக. 'ஸடய்' புள்ளியில்லாத யே, யூனிகோடில் அதன் கோட் எண் 1740. 'ஸடி' அடியில் இரு புள்ளிகள் பக்கவாட்டில், 1610. 'மணே' இரு புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, 1744. 'டோடெய்' வால் வைத்த யே, 1741. பெண்பால் பெயர்ச்சொற்களின் ஈற்றில் வருவது. 'ராட்ஸெய்' மேலே ஹம்சா என்ற சிறு குறி வைத்த யே, 1574. முன்னிலைப் பன்மை வினைக்கு உரியது. ஐந்தும் இலக்கணம் சுமக்கிற எழுத்துகள். அழகுக்கு வைத்தவை அல்ல.

மீதி எழுத்துகளில் பெரும்பாலானவையும் இந்த எட்டுக்குள்ளேயே வந்துவிடும். டகரம், ணகரம், 'பாடம்' என்பதில் நாம் நாக்கை மடித்துச் சொல்கிற அந்த ஒலி எல்லாம் பஷ்தோவில் உண்டு. எழுதும்போது அந்த எழுத்துகளில் ஒரு குட்டி வளையத்தைத் தொங்கவிடுவார்கள். பாரசீகத்தில் இந்த ஒலிகளே கிடையாது, அதனால் பாரசீகக் கீபோர்டில் எழுத்தும் கிடையாது. தமிழ் பேசுகிறவருக்குப் பஷ்தோ உச்சரிப்பின் இந்தப் பாதி பிறவியிலேயே வந்தது. தரி மட்டும் படித்த ஐரோப்பியர் இங்கேதான் திணறுவார்.

'ஷார்' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் காந்தஹார்க்காரர் ஷகரத்துக்கு நெருக்கமாகச் சொல்வார், பெஷாவர்க்காரர் தொண்டையிலிருந்து ககரமாகச் சொல்வார். மொழியின் பெயரே பஷ்தோ, பக்தோ என்று இரண்டாக ஒலிப்பது இந்த எழுத்தால்தான். 'க்வஷ்' என்பதன் ஈற்றெழுத்தும் அப்படியே, தெற்கில் ஒருவித மென்மையான ஷகரம், கிழக்கில் தெளிவான 'க்'. ஒலி ஊருக்கு ஊர் மாறினாலும் எழுத்து மாறாது. ஆகவே கீபோர்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் எந்த வட்டாரத்துக்கும் பயனில்லை.

இனி ஒவ்வொன்றாக.

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்டு லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்டு ரீஜன், ஆட் எ லாங்குவேஜ் என்று போய்ப் பஷ்தோவைச் சேர்த்தால் 'பஷ்தோ (ஆப்கானிஸ்தான்)' லேஅவுட் வந்து உட்காரும். எட்டுச் சொல்லும் தேறிவிடுகிறது. மாற்றி மாற்றி அடிக்க விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். குறை சொல்ல இங்கே அதிகமில்லை. அடிக்கடி வேண்டிய சில எழுத்துகள் ஷிப்டில் ஒளிந்திருப்பதால் முதல் வாரம் திரைக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரச்சினை தரியைச் சேர்க்கும்போது. மொழிப் பட்டியலில் தரி என்று தனியாக இருக்கிறது, சேர்த்தால் கையில் கிடைக்கிற லேஅவுட் 'பெர்ஷியன் (ஸ்டாண்டர்டு)'. அதாவது ஈரானின் தேசியத் தரமான 9147. தரியின் எழுத்துகள் பாரசீகத்தின் அதே 32தான், எனவே சொற்கள் அடிப்பதில் தடையில்லை. ஆனால் ஷிப்டோடு 4-ஐ அழுத்தினால் வருவது ஈரானின் ரியால் குறி. காபூல் கடைக்கு விலைப்பட்டியல் அடிப்பவருக்கு ரியால் எதற்கு? ஆப்கானி நாணயக் குறி யூனிகோடில் 2005 முதல் இருக்கிறது, கோட் எண் 1547. வேர்டில் நம்லாக் போட்டு, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் தட்டில் 1547 அடித்தால் வந்துவிடும். வழி இருக்கிறது என்பதற்காக லேஅவுட்டுக்கு மார்க் போட முடியாது.

இந்தப் பாரசீக லேஅவுட்டை வைத்தே பஷ்தோவையும் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: எட்டில் ஒன்றுகூடத் தேறாது. உருது லேஅவுட்டிலும் இதே கதைதான், ஏமாற்று மட்டும் கூடுதல். உருதுவில் நாக்கை மடித்துச் சொல்கிற எழுத்துகளில் வளையத்துக்குப் பதில் தலைமேல் 'தோய்' எழுத்து ஒரு சின்னக் குறியாக இருக்கும். அவசரத்தில் பார்த்தால் ஒன்று போலத் தோன்றும், எண்ணோ வேறு: 'ஸடய்' என்பதன் நடு எழுத்து பஷ்தோவில் 1683, உருதுவில் 1681. அச்சில் ஒப்பேறலாம், தேடலில் ஒருபோதும் அகப்படாது.

மேக்கில் கதை வேறு. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ், எடிட், கூட்டல் குறி. பட்டியலில் ஆப்கானுக்கென்றே பஷ்தோ, தரி, உஸ்பெக் என்று மூன்று லேஅவுட். உஸ்பெக் என்பது அரபு எழுத்து வகையில். லினக்ஸிலும் 'ஆப்கானிஸ்தான்' என்ற தலைப்பின்கீழ் அதே மூன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓஎல்பிசி மடிக்கணினிக்குச் செய்த மூன்று வகைகள் தனியாக.

இது தற்செயலாக அமைந்ததல்ல. 2003-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் அன்றைய இடைக்கால அரசின் தொலைத்தொடர்பு அமைச்சகமும் சேர்ந்து, கம்ப்யூட்டரில் ஆப்கான் மொழிகளுக்கு என்னென்ன வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. எழுதியவர்கள் மைக்கேல் எவர்சனும் ரூஸ்பே பூர்நாதரும். எழுத்துகள், அகரவரிசை, மாதப் பெயர்கள், நாணயக் குறி, மூன்று மொழிகளுக்கும் மூன்று கீபோர்டு என்று எல்லாம் அதில் வகுத்திருந்தார்கள். ஆப்கானி குறி யூனிகோடுக்குள் நுழைந்ததும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். லினக்ஸின் லேஅவுட் அதை அடியொற்றியது. 4-ஆம் எண் கீயில் ரியால் இல்லை, ஆப்கானி இருக்கிறது. நாட்டை ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் செய்தார் என்பது இந்த ஒரு கீயிலேயே தெரிந்துவிடும்.

உஸ்பெக்தான் இந்த ஒப்பீட்டில் உண்மையான வடிகட்டி. உஸ்பெகிஸ்தானில் சிரிலிக்கும் லத்தீனும் ஓடுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம், ஆப்கானிஸ்தானின் ஃபாரியாப், ஜோஸ்ஜான் பக்கத்து உஸ்பெக்கள் எழுதுவது அரபு எழுத்தில். அதில் பாரசீகத்தில் இல்லாத உயிரெழுத்துகள் உண்டு. 'உஸ்பெக்' என்ற சொல்லையே அடித்துப் பார்த்தால் போதும்: மேலே சின்ன வளைவு வைத்த 'வாவ்' எழுத்து (1737) ஒன்று, பஷ்தோவின் 'மணே'யில் வந்த அதே இரு புள்ளி யே (1744) ஒன்று. விண்டோஸில் உஸ்பெக் என்று தேடினால் சிரிலிக் லேஅவுட் வந்து நிற்கிறது. கூகுள் டிரான்ஸ்லேட்டிலும் உஸ்பெக் என்றால் லத்தீன் எழுத்துதான். ஃபாரியாப் மாகாணத்துத் தாய்மார்களுக்குத் தடுப்பூசித் துண்டறிக்கை போடுகிற அமைப்பு இந்த இரண்டையும் நம்பினால், அச்சாகி வருவது அவர்கள் பள்ளியில் பார்த்தே இராத எழுத்தில் இருக்கும்.

துர்க்மென் லேஅவுட்டும் எங்கும் லத்தீன்தான். பலூச்சி, பஷாயி, நூரிஸ்தானி, பாமிரி ஆகியவற்றுக்கு லினக்ஸின் ஆப்கான் பட்டியலில்கூட இடமில்லை.

போன் கீபோர்டு: ஆண்ட்ராய்டின் ஜிபோர்டில் பஷ்தோ இருக்கிறது. அழுத்திப் பிடித்து வரும் குறும்பட்டியலில் யே வகைகளைத் தேட வேண்டியிருக்கும். அங்கேயும் எட்டுச் சொல் சோதனையை ஓட்டிவிட்டே ஆரம்பியுங்கள். ஆட்டோகரெக்டை அணைத்து வையுங்கள், ஈற்று யேவை அது தன் இஷ்டத்துக்கு மாற்றினால் ஒருமை பன்மை போச்சு.

எந்த லேஅவுட் எடுத்தாலும் பின்னால் கடிக்கிற மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது யேவின் இரட்டை வேடம். சொல்லின் ஈற்றில் 1740-க்கும் 1610-க்கும் புள்ளி வித்தியாசம் தெரியும். சொல்லின் நடுவில் வரும்போது இரண்டுமே அடியில் இரண்டு புள்ளியோடு அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். ஒருவர் நடுவில் 1740 அடிப்பார், இன்னொருவர் 1610. கண்ணுக்கு ஒரே சொல், தேடலுக்கு இரண்டு. அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து கலைச்சொல் பட்டியல் தயாரித்தால் இரண்டாம் நாளே 'இந்தச் சொல் பட்டியலில் இல்லையே' என்று சண்டை வரும். பாரசீகத்துக்கான கருவிகள் செய்கிற வைத்தியம் எளிது: 1610 எல்லாவற்றையும் 1740 ஆக்கிவிடும். பாரசீகத்தில் அது சரியான மருந்து. பஷ்தோ கோப்பில் அதையே ஓட்டினால் 'ஆட்கள்' அத்தனை பேரும் ஓர் 'ஆள்' ஆகிவிடுவார்கள், திருப்பி மாற்றவும் வழியில்லை. செய்ய வேண்டியது: சொல்லின் நடுவில் வருவதை மட்டும் ஒரே எண்ணுக்கு மாற்றுங்கள், ஈற்றில் இருப்பதைத் தொடாதீர்கள். அதற்கு முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். ககரத்திலும் சின்னதாக இதே சிக்கல் உண்டு. வளையம் வைத்த பஷ்தோ 'காஃப்' 1707, பாரசீக 'காஃப்' 1711. இரண்டையும் கலந்து அடிப்பவர்கள் ஏராளம்.

பஷ்தோ எழுத்தர்களே இதில் ஒருமித்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தான்-பாகிஸ்தான் எல்லையான டூரண்ட் கோட்டின் இரு பக்கத்து எழுத்தாளர்களும் 1990-ல் பாகிஸ்தானின் பாராகலியில் கூடி எழுத்துமுறையை ஒன்றாக்கப் பார்த்தார்கள். இருந்தும் பெஷாவர்ப் பக்கத்துப் பிரதிகளில் வால் யேவும் ஹம்சா யேவும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்க்கலாம். எனவே பழைய பிரதியைத் தட்டச்சு செய்யும்போது, மூலத்தில் உள்ளபடியா, திருத்தியா என்று வேலை கொடுத்தவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது அரை இடைவெளி. தரியில் 'மீரவம்' (போகிறேன்) என்பதன் முன்னொட்டு அடுத்த எழுத்தோடு ஒட்டவும் கூடாது, முழு இடம் விட்டுப் பிரியவும் கூடாது. ஒட்டாமல் தடுக்கிற கண்ணுக்குத் தெரியாத எழுத்து 8204. 'ரிக்‌ஷா'வில் க்ஷ ஆகிவிடாமல் நாம் பிரித்து வைப்பது அதே எழுத்தால்தான். ஈரானியத் தர லேஅவுட்டில் ஷிப்டும் ஸ்பேஸும் சேர்ந்து இதைக் கொடுக்கும். விண்டோஸின் பழைய 'பெர்ஷியன்' லேஅவுட்டில் இந்த வசதி இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பட்டியலில் தவறாகத் தேர்ந்துவிடாதீர்கள். 'எங்கள் வீடு' என்பதற்கான 'கானெயே மா'வில் ஈற்று 'ஹே' எழுத்தின் தலைமேல் ஹம்சா வைப்பது ஆப்கான் பக்கத்து வழக்கம். ஈரானில் அந்த இடத்தில் அரை இடைவெளியும் யேவும் போடுவதே இப்போது பரவலாக இருக்கிறது. தெஹ்ரான் கோப்பு வார்ப்புருவை வைத்துக் காபூலுக்கு வேலை செய்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கீபோர்டோடு சேர்ந்து வரும் வட்டார அமைப்பு. இதில்தான் தரியைப் பாரசீகமாக நினைத்ததன் பலன் நன்றாகத் தெரியும். சூரிய நாட்காட்டி இரு நாட்டுக்கும் ஒன்றே, மாதப் பெயர்கள் வேறு. ஈரானில் ஃபர்வர்தீன், ஒர்தீபெஹெஷ்த். ஆப்கானியர் தரியில் ஹமல், ஸவ்ர், ஜவ்ஸா என்று ராசிப் பெயர்களையே சொல்வார்கள், பஷ்தோவில் வ்ரய், க்வயய் என்று தங்கள் சொல்லில். ஹமல் என்பது ஆட்டுக்குட்டி, நம் மேஷம். ஸவ்ர் காளை, ரிஷபம். மலையாளத்தின் மேடம், இடவம் மாதிரியே. ஆனால் ஹமல் தொடங்குவது மார்ச் 21 வாக்கில், நமக்குச் சித்திரை பிறக்கவோ ஏப்ரல் 14 ஆகவேண்டும். பெயரைப் பார்த்துத் தேதி கணக்கிட்டால் மூன்று வாரம் தவறும். கம்ப்யூட்டரில் மொழியைப் 'பெர்ஷியன் (ஈரான்)' என்று வைத்தால் தேதிப் பெட்டியில் ஃபர்வர்தீன் வந்து நிற்கும். 'ஆப்கானிஸ்தான்' என்று வைத்தால் ஹமல்.

பிழைதிருத்தியும் அப்படித்தான். ஈரானில் பல்கலைக்கழகம் 'தானிஷ்கா', மருத்துவமனை 'பீமாரிஸ்தான்'. காபூலில் 'போஹன்தூன்', 'ஷஃபாகானா'. முதலாவது பஷ்தோவிலிருந்து தரிக்குள் புகுந்த சொல். 2008-ல் பல்க் மாகாணத்து அரசுத் தொலைக்காட்சிச் செய்தியாளர் 'தானிஷ்கா' போன்ற சொற்களைச் சொன்னதற்குத் தகவல் அமைச்சகம் தண்டனை கொடுத்தது. ஈரான் அகராதியை வைத்துத் தரிப் பிரதியைத் திருத்தினால், எந்தச் சொல்லுக்காக நாட்டில் சண்டை நடந்ததோ அதை ஒரு கிளிக்கில் ஒரு பக்கமாகத் தீர்த்துவிடுவீர்கள். பிழைதிருத்தியை அணைத்துவிட்டு ஆள் வைத்துப் படிக்கச் சொல்வதே மேல்.

ஃபான்ட்டில் பெரிய தலைவலி இல்லை. எஸ்ஐஎல் நிறுவனத்தின் ஷெஹரஸாத் நியூ, கூகுளின் நோட்டோ நஸ்க் அராபிக் இரண்டிலும் எட்டுச் சொல்லும் முழுதாக வரும். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போஸரைப் போடாவிட்டால் எழுத்துகள் தனித்தனியாகத் தலைகீழ் வரிசையில் நிற்கும். தமிழ் யூனிகோடு அடித்து அனுபவப்பட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அகரவரிசைப்படுத்தும்போது மட்டும் கவனம் வேண்டும். வெறும் கோட் எண் வரிசையில் அடுக்கினால் வளைய எழுத்துகள் அத்தனையும், ஏன் பகரமும் சகரமும்கூட, பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். சார்ட் பெட்டியில் மொழியைப் பஷ்தோ என்று தேர்ந்த பிறகே அடுக்க வேண்டும்.

தேர்வு இப்படி. மூன்று மொழிகளிலும் வேலை செய்கிறவருக்கு மேக் அல்லது லினக்ஸ். பஷ்தோ மட்டும் என்றால் விண்டோஸே போதும். தரி மட்டும் என்றால் விண்டோஸில் ஆப்கானிஸ்தான் வட்டார அமைப்போடு 'பெர்ஷியன் (ஸ்டாண்டர்டு)', ஆப்கானி குறிக்கு வேர்டில் ஒரு ஷார்ட்கட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸை விடமுடியாது, உஸ்பெக்கும் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கீபோர்டு லேஅவுட் கிரியேட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். புதிய விண்டோஸில் டாட்நெட் 3.5 கேட்கும், அனுமதியுங்கள். ஃபைல் மெனுவில் 'லோடு எக்ஸிஸ்டிங் கீபோர்டு' கொடுத்துப் பஷ்தோவைத் திறங்கள். 1744 ஏற்கெனவே அதில் இருக்கிறது. தேவைப்படாத இரண்டு வளைய எழுத்துகளின் இடத்தில் 1737-ஐயும் 1735-ஐயும் (தலைமேல் கமா போன்ற குறி வைத்த வாவ்) வையுங்கள். ப்ராஜெக்ட், ப்ராப்பர்ட்டீஸில் எட்டு எழுத்துக்கு மிகாமல் ஒரு பெயர். மொழி என்ற இடத்தில் அரபு எழுத்து உஸ்பெக் இருக்காது, தரி என்று வைத்துவிடுங்கள், அதனால் தட்டச்சில் ஒன்றும் குறையாது. 'பில்டு டிஎல்எல் அண்டு செட்டப் பேக்கேஜ்' கொடுத்து, வந்த செட்டப்பை ஓட்டி, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் பட்டியலில் நிற்கும். முதல் சொல்லாக 'உஸ்பெக்' என்று அடித்துப் பாருங்கள்.